ஒரே கொடையாளியில் தங்கியிருக்கும் மாலை வகுப்பு: நிதி, ஆண்டுத் திட்டம், நிர்வாகக் குழு, எதை முதலில் சரிக்கட்டுவது?

விசுவமடுப் பிள்ளை:

வணக்கம். எங்கட ஊர்ச் சங்கம் தரம் 6 முதல் 11 வரை 60 பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துது. ஆசிரியர் மூன்று பேர், ஆளுக்கு 15,000 ரூபா. பிள்ளைகளுக்கு அவிச்ச கடலை அல்லது பயறு, தேத்தண்ணி. தலைக்கு 40 ரூபாப்படி மாதம் 22 நாள். போட்டோப் பிரதிக்கு 8,000, கரண்டுக்கு 4,000. லண்டனில் இருக்கிற ஊர்க்காரர் ஒருவர் மாதம் ஒரு இலட்சம் அனுப்புறார், மிச்சத்தை அங்கை இங்கை வாங்கிச் சமாளிக்கிறம். டிசெம்பரோடை நிப்பாட்டப்போறன் என்று சொல்லிப்போட்டார்.

நிர்வாகக் குழுவில் 11 பேர். கூட்டத்துக்கு ஐந்தாறு பேர் வந்தால் பெரிசு. தலைவர், பொருளாளர், செயலாளராக நான், மூன்று பேரின் தலையில்தான் எல்லா வேலையும். லண்டன் காசு பொருளாளரின் சொந்தக் கணக்குக்குத்தான் வருது. பெரிய நிறுவனம் ஒன்றுக்கு முன்மொழிவு எழுதிப் போடலாமா என்று யோசிக்கிறம். எப்படி எழுதுறது?

கணக்குப்பிள்ளை:

தங்கச்சி, முன்மொழிவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ. பொருளாளரின் சொந்தக் கணக்கில் காசு வருகிற சங்கத்துக்கு எந்த நிறுவனமும் தராது. பொருளாளர் எவ்வளவு நேர்மையான ஆளாக இருந்தாலும் வங்கிப் பதிவில் அந்தக் காசு அவருடையது. அவருக்கு ஏதும் நடந்தால் சங்கக் காசு அவர் குடும்பத்தின் சொத்தோடை சேர்ந்துவிடலாம். அதோடை வன்னியில் வெளிநாட்டுக் காசு என்றால் யார் அனுப்பினது, எதுக்கு என்று கேள்வி வரும். அப்ப அந்த மனிசர் தனிய நின்று பதில் சொல்லவேணும்.

சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்க பதிவுச் சான்றிதழ், யாப்பு (சங்கத்தின் விதிக்கோவை), கணக்குத் திறக்கத் தீர்மானித்த கூட்ட அறிக்கையின் பிரதி, கையொப்பமிடுவோரின் அடையாள அட்டைகள் வேணும். கையொப்பத்துக்கு மூன்று பேரை நியமியுங்கோ; காசோலைக்கு அவர்களில் எவரேனும் இருவர் போதும். இரண்டு பேர் என்று மட்டும் வைத்தால் ஒருவர் கொழும்புக்குப் போன கிழமை ஆசிரியர் சம்பளம் நிக்கும். மூன்று பேரும் ஒரே வீடாகவோ சம்பந்தக்காரராகவோ இருக்கக்கூடாது. வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையொப்பம் வைத்துக் கொடுக்கிற பழக்கம் கனக்கச் சங்கங்களில் இருக்கு. அப்படிச் செய்தால் இரண்டு கையொப்பம் வைத்ததற்கே அர்த்தமில்லை.

பிரதேச செயலகப் பதிவு மட்டும் இருந்தால், வெளிநாட்டு நிறுவனத்திடம் நேரடியாகக் காசு வாங்க அது போதுமா, 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ்ப் பதிவு வேணுமா என்று அங்கேயே எழுத்தில் கேளுங்கோ. வாய்ப்பேச்சில் விடவேண்டாம்.

அடுத்தது செலவு. நீங்கள் சொன்னதைக் கூட்டினால் 45,000 + 52,800 + 8,000 + 4,000 = 109,800. இது முழுச் செலவு இல்லை. கணக்காய்வுக்கு ஆண்டுக்கு 30,000 என்று வைத்தால் மாதம் 2,500. பொருளாளரின் பஸ், போன் 3,000. கதிரை, பலகை, மின்விசிறி திருத்த 4,700. ஆக 120,000, பிள்ளைக்கு மாதம் 2,000 ரூபா. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 24,000, முழு வகுப்புக்கும் 1,440,000. கணக்காய்வுச் செலவை ஒளிச்சுப்போட்டு 'எல்லாக் காசும் பிள்ளைகளுக்கே' என்று எழுதுகிற சங்கம் இரண்டாம் ஆண்டில் கணக்காய்வே செய்யாது. மூன்றாம் ஆண்டில் கொடையாளி அறிக்கை கேட்பார், காட்ட ஒன்றும் இராது.

லண்டன்காரரிடம் முதல் கேட்கவேண்டியது 'நிப்பாட்டாதேங்கோ' என்று இல்லை. ஜனவரி தொடக்கம் ஆறு மாதத்துக்குப் பாதியாகக் குறைச்சு அனுப்பச் சொல்லுங்கோ: 50,000 வீதம் 300,000. திட்டம் ஒன்றைக் கையில் வைச்சுக் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பினம். மிச்சத்துக்கு ஒரு மாதிரிக் கணக்கு: 20 பிள்ளைகளுக்குப் புலம்பெயர் ஆட்கள் ஆளுக்கு 24,000, 480,000. கடைக்காரர், அரிசி ஆலைக்காரர் 10 பேர் மாதம் 1,500 வீதம் 180,000. பெற்றோர் மாதம் 200 வீதம் 144,000. அதில் 100,000 மட்டும் வரும் என்று எழுதுங்கோ. நிர்வாகக் குழு 11 பேரும் மாதம் 500 போட்டால் 66,000. நெல்லாக 90,000. கூட்டினால் 1,216,000. குறையிறது 224,000.

முன்மொழிவு இந்த 224,000க்குத்தான். போட்டோப் பிரதியும் (ஆண்டுக்கு 96,000) பயிற்சிப் புத்தகங்களும் என்று குறிப்பான ஒன்றுக்குக் கேளுங்கோ. 'வன்னி மாணவரின் கல்வித் தரத்தை மேம்படுத்தல்' என்று தொடங்கி 14 இலட்சம் கேட்டால், இவ்வளவு காசை இவையள் ஒரு நாளும் கையாண்டதில்லையே என்றுதான் வாசிக்கிறவர் நினைப்பார். விபரத்தில் 60 பிள்ளைகள், பாதீட்டில் 75 என்று இருக்கிற முன்மொழிவுகள் கனக்க வாறது. நிராகரிக்க அது ஒன்றே போதும்.

குளக்கட்டு:

மேலே உள்ள கணக்கு சரி. எப்ப கேட்கிறது என்றதில்தான் கனபேர் பிழைவிடுகினம்.

நெல்லை எடுங்கோ. காலபோக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில் முடியும். மெசின் வயலில் நிக்கிற கிழமையில் கேட்டால் 10 கிலோ யாருக்கும் பாரமில்லை. சித்திரை வருசத்துக்குப் பிறகு கேட்டால் உரக்கடன், உழவுக்கடன் எல்லாம் கட்டிப்போட்டு வெறுங்கையோடை இருப்பினம். 100 குடும்பத்தில் 10 கிலோ என்றால் 1,000 கிலோ. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் 'நாடு' என்கிற வகை நெல்லுக்குக் கிலோ 120 ரூபா உத்தரவாத விலை வைச்சது, ஆனால் அது 14 வீத ஈரப்பதனுக்குக் காய்ஞ்ச நெல்லுக்கு. மெசினில் இருந்து இறங்கிற நெல்லு அதைவிட ஈரம், வயலடியில் வியாபாரி குறைச்சுத்தான் எடுப்பான். கணக்குப்பிள்ளை அண்ணை 90 என்று போட்டது அதுதான் போல. தளத்தில் இரண்டு நாள் காயவிட ஆள் இருந்தால் காயவிட்டு வில்லுங்கோ, இல்லாட்டி அன்றைக்கே வித்துப்போடுங்கோ. சாக்கில் ஈரத்தோடை வைச்சால் சூடேறி நிறம் மாறும், பிறகு பாதி விலையும் வராது. நெல்லுக்கும் கிலோவைக் குறிச்சுப் பற்றுச்சீட்டு எழுதவேணும்.

கடைக்காரரிடம் வைகாசியில் போகாதேங்கோ. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கும் ஊர்க்கோயில் திருவிழாக்களுக்கும் அவையளிடம் நாளுக்கு ஒரு நன்கொடைக் கொப்பி வரும்.

புலம்பெயர் ஆட்களுக்கு: பிரித்தானியாவில் வரி கட்டுகிற ஒருவர் அங்கே பதிவுள்ள அறக்கட்டளை ஊடாக 10 பவுண் கொடுத்தால், 'கிஃப்ட் எயிட்' முறையில் அறக்கட்டளை இன்னும் 2.50 பவுணை அரசிடம் பெறும். தனியாளின் வங்கிக் கணக்குக்கு அனுப்புற காசுக்கு அது கிடைக்காது. கனடாவிலும் பதிவுபெற்ற அறக்கட்டளைதான் வரிச் சீட்டுக் கொடுக்கலாம், அங்கே கணக்கு டிசெம்பர் 31 ஓடை முடியும். ஆகவே ஒக்டோபரில் விபரம் அனுப்பி, நவம்பரில் கேட்கவேணும். அறக்கட்டளை ஊடாக வந்தால் காலாண்டு அறிக்கையும் பற்றுச்சீட்டுப் பிரதியும் கேட்பினம். அது வில்லங்கம் இல்லை, நல்லது. சூம் கூட்டம் வைக்கிறதென்றால் ஞாயிறு இரவு 7.30, கோடையில் அப்ப ரொறன்ரோவில் காலை 10, லண்டனில் பிற்பகல் 3.

ஒன்றை மட்டும் செய்யாதேங்கோ. தகப்பனில்லாத பிள்ளையின் முகத்தையும் பெயரையும் போட்டு முகநூலில் காசு கேட்கிறது. அந்தப் பிள்ளை நாளைக்கு அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் போகவேணும். கொப்பியில் எழுதுகிற கை, நிறைஞ்ச வகுப்பு, வரவு இடாப்பு, இவ்வளவும் போதும். முகம் தெரிகிற படமென்றால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேணும்.

ஏ9 பயணி:

காசு குறைஞ்சால் எதை முதல் வெட்டுறது என்று இப்பவே தீர்மானியுங்கோ. என்னைக் கேட்டால் சிற்றுண்டி. 52,800 தான் உள்ளதில் பெரிய செலவு. நல்ல கணித ஆசிரியர் போனால் பிறகு கிடைக்கமாட்டார்.

குளக்கட்டு:

உது பிழைக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து நாலு மணிக்கு வகுப்பில் இருக்கிற பிள்ளைக்குப் பசிக்கும். சிற்றுண்டியை நிப்பாட்டினால் தூரத்துப் பிள்ளைகள்தான் முதல் நிற்பினம், வரவு குறைஞ்சால் கொடையாளிக்குச் சொல்லுகிற எண்ணிக்கையும் போகும். வெட்டாமல் மாற்றுங்கோ: கிழமையில் இரண்டு நாள் தாய்மார் முறைவைச்சு இலைக்கஞ்சி காய்ச்சினால் அந்த நாட்களுக்குப் பாதிச் செலவும் வராது. ஆசிரியரை வெட்டவேண்டாம் என்றது சரி.

விசுவமடுப் பிள்ளை:

நன்றி அண்ணை. குழுவை என்ன செய்யிறது? தலைவர் வயசானவர், வகுப்புக் கொட்டில் நிக்கிற காணியும் அவர் தந்தது. மாற்றச் சொல்லி ஒருவரும் வாய் திறக்கமாட்டினம். யாப்பில் பதவிக்காலம் பற்றி ஒன்றும் இல்லை.

யாப்பும் கூட்டமும்:

ஐயாவை மாற்றுவதாகப் பேசவே தேவையில்லை. யாப்பைத் திருத்துங்கள். பதவிக்காலம் 2 ஆண்டு, ஒரே பதவியில் தொடர்ந்து இரண்டு தடவைக்கு மேல் இல்லை என்ற விதி எல்லோருக்கும் பொதுவானது. திருத்தத்துக்கு எத்தனை நாள் முன்னறிவித்தல், எத்தனை பங்கு வாக்கு என்பதை உங்கள் யாப்பே சொல்லும். அந்தப்படி விசேட பொதுக்கூட்டம் கூட்டி, திருத்திய பிரதியைப் பதிவுசெய்த அலுவலகத்துக்குக் கொடுங்கள். 11 பேரும் ஒரே நாளில் மாறாதபடி முதல் ஆண்டு 6 இடம், அடுத்த ஆண்டு 5 இடம் என்று பிரியுங்கள். ஐயாவைப் போசகர் ஆக்கலாம். போசகருக்கு மேடையும் மரியாதையும் உண்டு, காசோலையில் கையொப்பம் கிடையாது.

கிராம அலுவலரையும் அதிபரையும் குழுவுக்குள் இழுக்கிற வழக்கம் இருக்கிறது. உங்களுக்குச் சிபாரிசுக் கடிதம் தரவேண்டியவர் உங்கள் நிர்வாகியாக இருந்தால் அந்தக் கடிதத்துக்கு மதிப்பில்லை. ஆலோசகராக வையுங்கள்.

நிறைவெண், அதாவது கூட்டம் செல்லுபடியாக வரவேண்டிய குறைந்த ஆட்கள், 6. அறிவிக்காமல் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராதவரின் இடம் வெறுமையாகும் என்று எழுதுங்கள். ஆனால் ஆட்கள் வராததற்குப் பெரும்பாலும் காரணம், வந்தாலும் அவர்களுக்கு அங்கே வேலை இல்லை என்பதுதான். மூன்று பேர் முடிவெடுத்து மற்றவர்கள் தலையாட்டும் கூட்டத்துக்கு யார் வருவார்கள்? ஆளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: ஒருவருக்கு நெல், ஒருவருக்குக் கடைக்காரர், ஒருவருக்கு லண்டன், ஒருவருக்குக் கனடா, ஒருவருக்கு வரவு இடாப்பு. பொருளாளர் அல்லாத ஒருவர் மாதம் ஒருமுறை காசுப்புத்தகத்தையும் வங்கிக் கூற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு ஒப்பமிட வேண்டும். குழுவினர் தாமே மாதம் 500 போடுவது முக்கியம். முடியாதவர் 100 போடட்டும். 'உங்கள் குழுவில் எத்தனை பேர் கொடுக்கிறார்கள்?' என்று கொடையாளி கேட்டால் '11 பேரும்' என்று சொல்ல முடியவேண்டும்.

கூட்டத்தைப் போயா நாளில் வையுங்கள், விவசாயிக்கும் உத்தியோகத்தருக்கும் வசதி. முதல் விடயம் பொருளாளரின் ஒற்றைத்தாள்: இந்த மாதம் வந்தது, போனது, வங்கியில் இருப்பது, அந்த இருப்பு எத்தனை மாதத்துக்குக் காணும். கூட்ட அறிக்கையில் பேச்சையெல்லாம் எழுதவேண்டாம். தீர்மானம், பொறுப்பானவர், திகதி, மூன்று நிரல் போதும். குழு உறுப்பினரின் கடையில் கடலை வாங்குவதானால் அவர் அந்தத் தீர்மானத்தில் பங்குபற்றக்கூடாது, வேறு இரண்டு கடைகளின் கூறுவிலையும் கோப்பில் இருக்கவேண்டும்.

காணி விடயத்தைத் தனியாகப் பாருங்கள். அது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அரச அனுமதிப்பத்திரக் காணி என்றால் ஐயா வாயால் தந்தது செல்லாது, பிரதேச செயலாளரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். உறுதிக்காணி (சொந்த உறுதி உள்ள தனியார் காணி) என்றால் ஒரு நொத்தாரிசிடம் குத்தகை எழுதுங்கள். அந்தக் கடதாசி கைக்கு வரும்வரை நிரந்தரக் கட்டடத்துக்கு யாரிடமும் காசு கேட்கவேண்டாம். ஐயா இருக்கும்போதே, அவருடைய பிள்ளைகளையும் கூப்பிட்டு வைத்து இதைப் பேசி முடியுங்கள்.