கான்டனீஸ் தனி மொழியா, வட்டார வழக்கா?

கேள்வி: பெய்ஜிங்கின் மாண்டரினும் குவாங்சோவின் கான்டனீஸும் பேச்சில் ஒருவருக்கொருவர் புரியாத அளவுக்கு வேறுபட்டிருக்க, சீன அரசு இரண்டையும் ஒரே மொழியின் வழக்குகளாகக் கருதுவது ஏன்?

மறுமொழி 1: பொதுவான எழுத்துமுறையே முதற்காரணம். ஒரே எழுத்தை ஒவ்வொரு பகுதியினரும் தத்தம் ஒலிப்பில் படிக்கிறார்கள்; ஆனால், அந்தப் பொது உரைநடை மாண்டரின் இலக்கணத்தையே தழுவியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கான்டனீஸைப் பேசுவதுபோலவே எழுதினால் பெய்ஜிங்வாசி திணறுவார்.

மறுமொழி 2: கிர்கிஸ்தானிலும் கசகஸ்தானிலும் வாழும், சீனாவிலிருந்து குடியேறியோரின் வழிவந்த துங்கான் மக்களின் பேச்சு மாண்டரின் கிளையைச் சேர்ந்தது, எனினும், ரஷ்ய மொழிக்குரிய சிரில்லிக் எழுத்தில் எழுதப்பட்டு, சோவியத் காலத்திலிருந்தே தனி மொழியாக மதிக்கப்படுகிறது. மாண்டரினுக்கு இவ்வளவு நெருக்கமானது மொழி, தொலைவிலுள்ள கான்டனீஸ் வழக்கு என்றால், இதை முடிவுசெய்வது அரசியலே என்பது என் கருத்து.

மறுமொழி 3: புரியாமை கான்டனீஸோடு நிற்பதில்லை; தென்கிழக்குச் சீனாவின் ‘மின்’ (Min) என்னும் சீன மொழிக்கிளைக்குள்ளேயே ஃபூசோ நகரத்தினரின் பேச்சு சியாமென் நகர மக்களுக்குப் புரிவதில்லை.