மெழுகுத் தாளில் தேனீ அடை கட்டவில்லை, கடித்துத் துப்புகிறது. அவசர உதவி!

புதுப்பெட்டி:
வணக்கம். தேனீப் பெட்டியின் சட்டத்தில், அறை அச்சுப் பதித்த மெழுகுத் தாள் பொருத்தி வைத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. ஒரு அறைகூடக் கட்டவில்லை. கீழ் ஓரத்தைக் கடித்துக் கடித்துப் பெட்டித் தரையெல்லாம் மெழுகுத் தூள். நடுவில் ஒரு ஓட்டையும் விழுந்துவிட்டது. தாள் கெட்டதா? இன்னும் ஆறு தாள் கையில் இருக்கிறது, அதையும் வைக்கலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

மெழுகுக்கை:
எந்தத் தேனீ? மெழுகா, பிளாஸ்டிக்கா? பெட்டியின் கீழ்த்தட்டான புழு அறையிலா, மேல்தட்டான தேன் அறையிலா? எத்தனை சட்டம் நிறையத் தேனீ இருக்கிறது?

பூத்தடம்:
பாரஃபின் கலந்த தாளாகத்தான் இருக்கும். எனக்கும் ஒரு முறை இப்படி ஆனது. வெயில் ஏறியதும் தாள் தளர்ந்து கம்பியில் தொங்கியது. சுத்தமான தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில்தான் உருகும். கலப்படம் அதற்கு முன்பே இளகிவிடும்.

பழம்பெட்டி:
பூத்தடம், அவர் தாள் தொங்கியதாகச் சொல்லவே இல்லை. கடித்ததாகத்தான் சொன்னார். கேள்வியை முழுதாகப் படித்துவிட்டுப் பதில் போடுங்கள். தம்பி புதுப்பெட்டி, உனக்கும் ஒன்று சொல்கிறேன். ஜெர்மனியின் மேரிங் 1857-ல் முதல் அச்சுத் தாள் செய்ததிலிருந்து விதி ஒன்றுதான்: தேன் வரத்து, அதாவது பூக்களிலிருந்து தேன் வருவது, இல்லாத காலத்தில் தாள் வைக்காதே. தேனீ மெழுகு சுரப்பது உண்ட இனிப்பிலிருந்து. வரத்து இல்லையென்றால் கட்டாது, சும்மா இருக்கும் தேனீ தாளைக் கடிக்கும். இது அடிப்படைப் பாடம். பெட்டி வாங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

தேன்சிட்டு:
எனக்கும் இதே சந்தேகம், தொடர்கிறேன். பேசாமல் பிளாஸ்டிக் தாளுக்கு மாறிவிடலாமா? அதைக் கடிக்க முடியாதே.

பூத்தடம்:
பிளாஸ்டிக்கில் மெழுகு பூசாமல் வைத்தால் தேனீ அதைச் சீந்தாது. தாளை விட்டு விலகிக் குறுக்கே அடை கட்டும், பிரித்தெடுக்கவே முடியாது.

தேன்சிட்டு:
பூசினால் போதுமே. மெழுகை உருக்கித் தூரிகையால் மெல்லிசாக இழுத்துவிட்டால் ஏற்கிறதே. தேன் பிழியும்போது அடை உடையாது, மெழுகு அந்துப் புழுவும் நடுத்தாளைத் துளைக்காது.

மெழுகுக்கை:
இருவர் சொல்வதும் சரிதான். எனக்குப் பெரிய கவலை பழைய அடைகளை உருக்கி எடுத்த மறு உருக்கு மெழுகு. தேனீயைத் தாக்கும் உண்ணிக்குப் போடும் மருந்துகள் கொழுப்பில் கரைபவை, மெழுகிலேயே தங்கிவிடும். புழு அழுகல் நோயின் வித்துகளும் சாதாரணமாக மெழுகு உருக்கும் சூட்டில் சாகாது. எங்கிருந்து வந்த மெழுகு என்று தெரியாமல் தாள் வாங்குவது எனக்குப் பயம். அதிருக்கட்டும், கேள்வி கேட்டவர் எங்கே?

புதுப்பெட்டி:
மன்னிக்கவும், வேலை. மெழுகுத் தாள், புழு அறை. ஐந்து சட்டம் நிறையத் தேனீ. வரத்து இல்லாமல் இல்லை ஐயா, பக்கத்தில் தாள் இல்லாத சட்டத்தில் வெள்ளை வெளேரென்று புது அடை இறங்குகிறது. சொல்ல மறந்துவிட்டேன், இந்தியத் தேனீ. தாள் வேறொருவரிடம் மிச்சம் இருந்ததை வாங்கினேன்.

மெழுகுக்கை:
அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்! அளவுகோல் எடுத்துத் தாளில் ஒரே வரிசையில் பத்து அறை அச்சை அளங்கள்.

புதுப்பெட்டி:
54 மி.மீ.

மெழுகுக்கை:
அது இத்தாலியத் தேனீக்கான தாள். இந்தியத் தேனீயின் வேலைக்காரி அறை பத்துக்கு 42-லிருந்து 49-க்குள் இருக்கும். ஒரு அறைக்கு 5.4 என்பது உங்கள் தேனீயின் கண்ணுக்குப் பெரிதான ஆண் தேனீ அறை போன்றது. புழு வளர்க்க வேலைக்காரி அறை வேண்டிய இடத்தில் அதை வைத்தால் பிய்த்துத் தன் அளவுக்குத் திருத்தப் பார்க்கும். தாளைக் கழற்றுங்கள், கம்பி இருக்கட்டும். எங்கிருந்து வந்தது என்று தெரிந்த மெழுகை உருக்கிச் சட்டத்தின் மேல்கட்டையின் அடியில் நடுக்கோடாக இழுத்துவிடுங்கள். நேராகக் கட்டிய இரண்டு அடைகளுக்கு நடுவே அந்தச் சட்டத்தை வையுங்கள். பெட்டி சாயாமல் மட்டமாக இருக்க வேண்டும், சாய்ந்தால் அடை சட்டத்தை விட்டு விலகும். மிச்ச ஆறு தாளை இத்தாலியத் தேனீ வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பழம்பெட்டி:
வரத்து பற்றி நான் சொன்னது பொதுவாகச் சரியே. இந்தியத் தேனீ என்று முன்பே சொல்லியிருந்தால் நானும் அளக்கத்தான் சொல்லியிருப்பேன்.

தேன்சிட்டு:
அப்படியானால் இந்தியத் தேனீக்குத் தாளே தேவையில்லையா?

மெழுகுக்கை:
அளவு சரியாக இருந்தால் நல்ல பயன். அடை நேராக வரும், ஆண் அறை குறையும், கட்டும் உழைப்பும் மிச்சம். இல்லையென்றால் வெறும் மெழுகுக் கோடே மேல்.

புதுப்பெட்டி:
கழற்றி ஐந்து நாள் ஆயிற்று. உள்ளங்கை அளவுக்கு அடை இறங்கிவிட்டது, நேராகத்தான் இருக்கிறது. மிக்க நன்றி அண்ணா.

மெழுகுக்கை:
மகிழ்ச்சி. அந்தப் புது அடையிலும் பத்து அறை அளந்து சொல்லுங்கள். இனித் தாள் வாங்கினால் அந்த எண்ணுக்குத்தான் வாங்க வேண்டும்.

தேன்சிட்டு:
புதுப்பெட்டி, அளந்தீர்களா? நானும் அதற்காகத்தான் காத்திருக்கிறேன்.