ஜெர்மனி வந்து ஆறு மாதம், ஒரு பேப்பர் போச்சு. துறை மாறலாமா?

பணகுடிக்காரன்: அண்ணாச்சிமாரே, அவசரம். மெக்கானிக்கல் முடித்துவிட்டு இங்கே மாஸ்டர்ஸ் சேர்ந்தேன். முதல் செமஸ்டரிலேயே ஒரு பேப்பர் போய்விட்டது. கூட இருக்கிற பையன்கள் எல்லாரும் டேட்டா சயின்ஸுக்கு மாறு என்கிறார்கள். வயலை அடமானம் வைத்து அனுப்பினார்கள், அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் முடிவெடுக்க வேண்டும்.

அம்பை அக்கா: முதலில் சாப்பிட்டியா தம்பி? நான் வந்த புதிதில் ஹீட்டர் திருகில் நட்சத்திரம் போட்ட இடம்தான் நல்ல சூடு என்று நினைத்து, மூன்று வாரம் ஸ்வெட்டரோடு நடுங்கிக்கொண்டு படுத்தேன். அது குழாய் உறையாமல் இருக்க வைக்கிற அளவாம்! பெட்டியில் இருந்த புளியும் வத்தலும்தான் துணை. போகப் போகச் சரியாகிவிடும்.

மேலப்பாளையத்தான்: பேப்பர் போனதற்கும் ஹீட்டருக்கும் என்னக்கா சம்பந்தம்? தம்பி, பார்ட் டைம் பக்கமே போகாதே. ராத்திரி கிடங்கு வேலைக்குப் போய் எனக்கு இரண்டு செமஸ்டர் வீண்.

தென்காசி சாரல்: நான் நேர்மாறாகச் சொல்வேன். எனக்கு வழி காட்டியதே அந்தக் கிடங்கு வேலைதான். கையில் ஸ்கேனர், தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு மேல் ஒரே பெல்ட்டில் பார்சல் குவிந்து நிற்கும். ஏன் என்று சூப்பர்வைசரைக் குடைந்தேன். அதையே தீசிஸாக எழுதினேன். இன்றைக்கு சப்ளை செயின் வேலை, மெக்கானிக்கல் சர்டிபிகேட் பெட்டியில் தூங்குகிறது.

மேலப்பாளையத்தான்: உமக்கு அமைந்தது வே, எல்லாருக்கும் அமையுமா? ஊருக்குப் போனால் கல்யாண வீட்டில் "எவ்வளவு சம்பளம்"தான் முதல் கேள்வி. இங்கே வாடகை கட்டுகிறவனுக்குத்தான் தெரியும்.

அம்பை அக்கா: அதோடு அல்வாவும் வாங்கிக்கொண்டு போகவில்லை என்று குறை வேறே. நாம் அங்கேயிருந்துதானே அல்வா கொண்டுவர வேண்டும்!

ராதாபுரத்தார்: கொஞ்சம் நிறுத்துங்க. தம்பி, என்ன படிப்பு, எந்த ஊர், அந்தப் பேப்பர் எத்தனையாவது தடவை? ஒன்றையும் சொல்லவில்லையே. பல யுனிவர்சிட்டிகளில் ஒரு பரீட்சைக்கு மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் பொதுவாக அதே படிப்பை ஜெர்மனியில் வேறெங்கும் தொடர முடியாது. ஒன்று போனதற்குப் பயப்படாதே, உன் துறையின் தேர்வு விதிகளை எடுத்துப் படி. விசா படிப்போடு கட்டியது. படிப்பிலிருந்து பேரை எடுக்கும் முன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேள். படிக்கும்போது வேலை பார்க்க ஆண்டுக்கு 140 முழு நாள், இல்லையென்றால் 280 அரை நாள் அனுமதி. பேராசிரியரிடம் உதவியாளர் வேலை கிடைத்தால் அது இந்தக் கணக்கில் வராது, அதைத் தேடு. படித்து முடித்தால் வேலை தேட 18 மாதம் வரை கிடைக்கும். திசையைத் திருப்ப டிகிரியை மாற்ற வேண்டியதில்லை. எலெக்டிவ் என்கிற விருப்பப் பாடம், தீசிஸ், கம்பெனியில் மாணவர் வேலை, இது மூன்றும் போதும். பணகுடியில் காற்றாலைக்கு நடுவில் வளர்ந்தவன் நீ, வட ஜெர்மனி முழுக்க அதே வேலைதான். ஆனால் ஜெர்மன் மொழி கட்டாயம் வேண்டும்.

பணகுடிக்காரன்: முதல் தடவைதான் அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை என்றது எலெக்டிவ் பதிவுக்குக் கடைசி நாள்... இப்போதுதான் பட்டியலைப் பார்த்தேன், காற்றாலை வடிவமைப்பு என்று ஒன்று இருக்கிறது. அதைப் போடுகிறேன். ராத்திரி அப்பாவுக்குப் போன் பண்ணிவிடுகிறேன்.

அம்பை அக்கா: சரி. ஹீட்டரை 3-இல் வை.