பெங்களூரில் ஏரிக்கப்பல் குழு: மாதக் கூட்டத்தில் எதை முதலில் எடுப்பது?

அல்சூர்_கரை:
அமெரிக்க, கனடியப் பேரேரிகளில் ஓடும் சரக்குக் கப்பல்கள்மேல் பித்துப்பிடித்த எட்டுப் பேர், மாதம் ஒரு ஞாயிறு அல்சூரில் கூடுகிறோம். டெட்ராய்ட்டில் இதற்கென்றே 1944 முதல் ஒரு சங்கம் இருக்கிறது. நமக்கு அந்த அளவெல்லாம் எட்டாது. கையில் இருநூறு பழைய படங்களின் நகல்கள், பாதிக்குப் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. 1975-ல் சுப்பீரியர் ஏரியில் மூழ்கிய எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் கப்பலை மாடலாகச் செய்யவும் ஆசை. எதில் தொடங்கலாம்?

பழைய_நெகட்டிவ்:
படங்களில் தொடங்குங்கள் சார். படத்துக்கு ஓர் அட்டை. பெயர் வாரியாக அடுக்காதீர்கள்; கை மாறும்போது கப்பலின் பெயரும் மாறலாம், ஒரே நாட்டுப் பதிவில் இருக்கும்வரை பதிவு எண் மாறாது. பிறகு மாலுமி அறை முன்னா பின்னா, சரக்குமூடி எத்தனை, புகைபோக்கியில் என்ன குறி, சரக்கைத் தானே இறக்கும் நீண்ட கை (பூம்) உண்டா என்று குறியுங்கள். ஆண்டைப் பிடிக்கப் பூம்தான் கைகொடுக்கும். ஆர்தர் எம். ஆண்டர்சன் என்ற கப்பல் 1952-ல் 647 அடி. 1975 வாக்கில் நடுவில் 120 அடி சேர்த்து 767 ஆனது. பூம் வந்தது 1981-82 குளிர்காலத்தில். நீண்ட உடலும் பூம் இல்லாத தளமும் சேர்ந்தால் இடைப்பட்ட ஏழாண்டுக்குள் படம் விழுந்துவிடும். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்ட நகல்களும் நிறைய உலவும், எழுத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

தச்சன்_கே:
மாடலுக்கு 1:350 போதும். ஃபிட்ஸ்ஜெரால்டின் 729 × 75 × 39 அடி என்பது 635 × 65 × 34 மி.மீ. ஆகும். 5 மி.மீ. சன்போர்டு (பி.வி.சி. நுரைப் பலகை) ஏழு அடுக்கு ஒட்டி, ஒரு மி.மீ. தேய்த்தால் சரி. வெள்ளைப் பசை வேண்டாம்: சன்போர்டு ஈரம் உறிஞ்சாது, நடுவில் காயாமலே கிடக்கும். ரப்பர் பசையை இரு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்துங்கள். முன்மூக்கைக் கடற்கப்பல்போலக் கூராக்கிவிடுவார்கள். இது மொட்டையான மூக்கு, பக்கங்கள் செங்குத்துச் சுவர்.

சொதப்புவது சரக்குமூடிகளில்தான். மொத்தம் 21, மையத்துக்கு மையம் 24 அடி, மாடலில் 20.9 மி.மீ. ஒன்றிலிருந்து அடுத்ததை அளந்தால் அரை மி.மீ. பிழை கடைசியில் ஒரு செ.மீ. ஆகிவிடும். முதல் மையத்தைப் பூஜ்யமாக வைத்து எல்லாவற்றையும் ஒரே ஸ்கேலில் குறியுங்கள். கடைசி 418-ல் விழ வேண்டும். மூடிக்கு 68 கிளாம்ப், ஆக 1,428. அதைச் செய்ய நினைக்கவே வேண்டாம், பென்சில் கோடு போதும்.

மடைக்காவலன்:
அல்சூர் ஏரியில் மிதக்கவிடும் எண்ணம் இருந்தால் 1:350 பற்றாது, 1:200 எடுங்கள்: 111 செ.மீ. நீளம். 27 அடி மிதவு ஆழத்துக்கு இறங்க மொத்த எடை ஏறக்குறைய நாலே முக்கால் கிலோ ஆக வேண்டும். ஈயத்தை அடித்தட்டிலேயே பரப்புங்கள். மேலே ஏறினால் கவிழும்.

கூட்டத்தில் பேச ஒரு தலைப்பு, என் யோசனை: லாக்கின் (நீர்மட்டத்தை மாற்றிக் கப்பலை ஏற்றி இறக்கும் மடை அறை) அளவுதான் கப்பலின் அளவு. கடலையும் பேரேரிகளையும் இணைக்க 1959-ல் திறந்த செயின்ட் லாரன்ஸ் வழி 730 அடிவரை விட்டது, ஃபிட்ஸ்ஜெரால்ட் அதற்கு ஓர் அடி குறைவு. சுப்பீரியர், ஹூரான் ஏரிகளுக்கு இடையே சூவில் (சூ செயின்ட் மேரி) உள்ள போ லாக் 1,200 × 110 அடி, ஆகவே 1972 முதல் ஆயிரம் அடிக் கப்பல்கள். ஆனால் ஈரி, ஒன்டாரியோ ஏரிகளை இணைக்கும் வெலண்ட் கால்வாயில் நுழைய முடியாததால் அவை ஒன்டாரியோ ஏரிக்கே வராது.

கோடையில் நம் இரவு 7.30 என்றால் அங்கே காலை 10, கப்பல் நகர்வை நேரலையில் பார்க்கத் தோதான நேரம். ஜனவரி 15 முதல் மார்ச் 25 வரை சூ லாக் மூடியிருக்கும். பசை வேலையை அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.