சின்ன வயதிலேயே தெரிந்திருக்க வேண்டாமா?

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) என்று பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் உறுதியானபோது அவன் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். டாக்டர் நெடுநேரம் பேசியது அம்மாவிடம்தான். எப்போது நடந்தான், எப்போது பேசினான், மற்றப் பிள்ளைகளோடு விளையாடுவானா என்றெல்லாம் கேட்டார். அல்சூர் வீட்டுப் பீரோவில் இருந்த மதிப்பெண் அட்டைகளை அம்மா துணிப்பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். நான்காம் வகுப்பு அட்டையில் ஆசிரியை எழுதியிருந்தது: “கையெழுத்து அழகு. யாருடனும் சேருவதில்லை.”

அந்த ஒரு வரி எங்கள் வீட்டைப் பாடாய்ப் படுத்திவிட்டது. “அப்போதே தெரிந்திருக்க வேண்டாமா அண்ணி?” என்று அத்தை கேட்டுவிட்டுப் போனார். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அத்தை கேட்டது அநியாயம். பிரிட்டனில் 1946-இல் பிறந்த குழந்தைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பின்னாளில் இந்நோய் வந்தவர்கள் சராசரியாகச் சற்றுத் தாமதமாக நடந்திருந்தார்கள். 4, 6 வயதில் தனியாக விளையாடுவதையே அதிகம் விரும்பியிருந்தார்கள். ஆனால் தனியாக விளையாடும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதே இல்லை. அப்படியிருக்க, ஒதுங்கி உட்கார்ந்த ஒன்பது வயதுப் பையனைப் பார்த்து எந்தத் தாய் என்ன கண்டுபிடித்திருக்க முடியும்? 13 வயதுக்கு முன் இந்நோய் தொடங்குவதே மிக அரிது.

கவனிக்க வேண்டியது சுபாவத்தை அல்ல, மாற்றத்தை. தம்பி அமைதியானவன்தான், ஆனால் மாலையானால் கிரிக்கெட் மட்டையோடு கிளம்பிவிடுவான். பதினெட்டு வயதில் அது நின்றது. பிறகு குளிப்பது நின்றது. செய்தி வாசிப்பவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்று தொலைக்காட்சியை அணைத்தான். ஜன்னல் இடுக்குகளில் செய்தித்தாளை மடித்து மடித்துச் செருகினான். பக்கத்து வீட்டார் ஒட்டுக்கேட்கிறார்களாம்.

இந்நோயை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. அவனுக்கு இரண்டும் எடுத்தது, வேறு நோயோ போதைப்பொருளோ காரணமில்லை என்று தெரிந்துகொள்ளத்தான். அறிகுறிகள் எத்தனை மாதமாக நீடிக்கின்றன, படிப்பும் பழக்கமும் எவ்வளவு சரிந்தன என்பதை வைத்தே முடிவு செய்கிறார்கள். இப்போது மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறான். அச்சகம் ஒன்றில் வேலைக்கும் போகிறான்.

குழந்தை கூச்ச சுபாவம் என்பதற்காக யாரும் பயப்படாதீர்கள். வளர்ந்த பிள்ளை ஆளே மாறிப்போனால் மந்திரிப்பது, கல்யாணம் செய்து வைப்பது என்று நாளைக் கடத்தாதீர்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.