வௌவால் மூளை மாதிரி: ரேபிட் கிட்டில் மங்கல் கோடு, எங்கே உறுதி செய்வது?

வணக்கம். கும்பகோணம் பக்கம், வாய்க்கால் கரை ஆலமரம். ஆடிக் கடைசியிலிருந்து பழந்தின்னி வௌவால்கள் பகலிலேயே கீழே விழுகின்றன. பறக்க முடியவில்லை, கிட்டே போனால் கடிக்க வருகின்றன.

கால்நடை மருத்துவராக மூளைத்தண்டு மாதிரி எடுத்து, நாய்களுக்கான ரேபிஸ் ஆன்டிஜென் கிட்டில் போட்டேன். கன்ட்ரோல் கோடு தெளிவு, டெஸ்ட் கோடு வெறும் நிழல். வேறு பேட்ச் கிட், புதிதாகக் கரைத்த மாதிரி, எதிலும் அதேதான். இலங்கையில் இதே இன வௌவாலில் கன்னொருவ லிசாவைரஸ் (ரேபிஸ் வைரஸின் உறவுக்கார வைரஸ்) கண்டதாக 2016-இல் வெளிவந்தது. அதனால் நெகட்டிவ் என்று விட மனசு வரவில்லை.

வௌவாலைத் தொட்ட பையனுக்குத் தடுப்பூசி தொடங்கியாச்சு. வனத்துறைக்கும் சொல்லியாச்சு. மாதிரி உறைநிலையில் பத்திரமாக இருக்கிறது.

வௌவால் மாதிரியை வாங்கி எஃப்.ஏ.டி.யும் (ஒளிரும் ஆன்டிபாடி கொண்டு ரேபிஸைக் காணும் சோதனை) ஆர்.டி.-பி.சி.ஆரும் செய்து தரும் ஆய்வகம் தமிழ்நாட்டிலோ பெங்களூரிலோ எது?