ஜெர்மனி ஆபீஸில் ‘முடியாது’ என்பதை எப்போது சொல்வது? புதிதாக வந்தவர்களுக்கு

கோயம்புத்தூரிலிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து இரண்டு மாதமே ஆன ஒரு தம்பி கேட்டிருந்தார்: “அண்ணா, நான் ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்து அனுப்பிய ஸ்லைடுகளுக்கு மேனேஜர் ‘மூன்றாவது ஸ்லைடு தவறு, எண்கள் பழையவை’ என்று ஒரே வரியில் பதில் போடுகிறார். என் மேல் ஏதாவது கோபமா?”

கோபம் இல்லை தம்பி. மூன்றாவது ஸ்லைடில் எண்கள் பழையவை, அவ்வளவுதான். மற்ற ஸ்லைடுகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றால் அவை சரியாக இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் நீங்கள் இருப்பது ஸ்வாபியப் பகுதி. ‘திட்டவில்லை என்றாலே போதுமான பாராட்டு’ என்று அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு சொலவடையே உண்டு. ‘நிஷ்ட் ஷ்லெஷ்ட்’, அதாவது ‘மோசமில்லை’ என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கு வீட்டில் பாயசம் வைக்கலாம்.

ஆனால் அவர்கள் நம்மிடம் நேராகப் பேசுவது நாலைந்து மாதத்தில் பழகிவிடும். நாம் அவர்களிடம் நேராகப் பேசுவதுதான் கடினம். நான் அடிபட்டது அங்கேதான் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வந்த முதல் வருடம். புதன்கிழமை மீட்டிங்கில், டெஸ்ட் ரிப்போர்ட் வெள்ளிக்குள் கிடைக்குமா என்று மேனேஜர் கேட்டார். கிடைக்காது என்று எனக்குத் தெரியும். இரண்டு அளவீடுகள் பாக்கி, லேப் வியாழன் மதியம்தான் காலி. ஆனாலும் “யா, யா” என்று தலையாட்டினேன். நம் ஊரில் எள் என்றால் எண்ணெயாக நிற்க வேண்டும் என்று பழகியாயிற்று. எல்லார் முன்னாலும் மேலதிகாரியிடம் ‘முடியாது’ என்பது முகத்தை முறிக்கிற காரியம். ‘சரி சார், பார்க்கிறேன்’ என்றால் அது கஷ்டம் என்று அவரே புரிந்துகொண்டு இன்னொரு முறை கேட்பார். இங்கே அந்த இன்னொரு முறை வரவே இல்லை.

வெள்ளி மதியம் இரண்டு மணிக்கு, “இன்னும் கொஞ்சம் இருக்கிறது” என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். குரல் உயரவில்லை. “இது புதன்கிழமையே உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்றேன். “அன்றைக்கே சொல்லியிருந்தால் லேபை மாற்றிக் கேட்டிருப்பேன், இல்லை வாடிக்கையாளரிடம் திங்கள் என்று சொல்லியிருப்பேன். இப்போது என் கையில் ஒன்றுமே இல்லையே” என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. திங்கட்கிழமை மதியம் அதே மனிதர் கேன்டீனில் “மால்ட்ஸைட்”, அதாவது சாப்பாட்டு நேர வணக்கம், என்று சொல்லிக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மகள் பள்ளியைப் பற்றிப் பேசினார். வேலையில் சொன்னது வேலையோடு முடிந்தது.

நாம் தாட்சண்யம் பார்த்துச் சொல்லாமல் விடுவதை இங்கே மரியாதையாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. நேரத்தோடு சொல்வதுதான் இங்கே மரியாதை. ‘யா’ என்று சொல்லிவிட்டால் அது கொடுத்த வாக்கு.

சொல்லும்போது சுற்றி வளைக்க வேண்டாம். “தாஸ் ஷாஃபெ இஷ் பிஸ் ஃப்ரைடாக் நிஷ்ட்”, வெள்ளிக்குள் என்னால் முடியாது. அப்புறம் உடனே, திங்கள் காலை பத்து மணிக்குத் தர முடியும், காரணம் லேப் என்று சேர்த்துவிடுங்கள். முடியாது, எப்போது முடியும், ஏன்: இந்த மூன்றும் இருந்தால் போதும். ‘ட்ரை பண்ணுகிறேன்’ மட்டும் வேண்டவே வேண்டாம். நம் பக்கவாட்டுத் தலையாட்டலும் அப்படித்தான். ஆமாமா இல்லையா என்று அவர்களுக்குப் புரியாது, வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ‘ஹால்ப் ட்ரை’ என்றால் இரண்டரை மணி, மூன்றரை அல்ல. மூன்றாம் மணியில் பாதி என்பது அவர்கள் கணக்கு. இங்கிலீஷ் பழக்கத்தில் மூன்றரைக்குப் போய் நின்ற நம்மவர்கள் பலர். சந்தேகம் இருந்தால் 14.30 என்று எழுதிக் கேளுங்கள்.

‘ஸீ’யா ‘டூ’வா என்பதற்கு நம் ‘நீங்கள், நீ’யைத் துணைக்குக் கூப்பிட்டால் பாதிதான் உதவும். ஐடி டீம்களில் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே டூதான். வங்கி, அரசு அலுவலகம், பழைய கம்பெனிகள் என்றால் ஸீயில் தொடங்குங்கள். வயதிலோ பதவியிலோ மூத்தவர்தான் “டூ என்றே கூப்பிடலாமே” என்று அழைக்க வேண்டும். நாமாக மாறக் கூடாது. அவர் டூ என்று அழைக்கச் சொன்ன பிறகும் கூச்சப்பட்டு ஸீயிலேயே நின்றால், நாம் விலகி நிற்பதாகத்தான் அவர் நினைப்பார்.

உடம்பு சரியில்லை என்றால் வேலை தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், எத்தனை நாள் வர முடியாது என்பதையும் சேர்த்து. என்ன நோய் என்று சொல்லத் தேவையில்லை. மூன்று நாளைத் தாண்டினால் டாக்டர் சான்று வேண்டும். சில கம்பெனிகள் முதல் நாளே கேட்கும், ஒப்பந்தத்தைப் பாருங்கள். பொதுக் காப்பீட்டில் இருந்தால் 2023 முதல் அந்தச் சான்றைக் கம்பெனியே காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து ஆன்லைனில் எடுத்துக்கொள்ளும். ஆனால் போன் பண்ணிச் சொல்வது இன்னும் உங்கள் பொறுப்புதான். காய்ச்சலோடு ஆபீஸ் போய் உழைப்பைக் காட்டுவதை இங்கே யாரும் மெச்ச மாட்டார்கள். பக்கத்து சீட்டுக்காரர் முகம் சுளிப்பார்.

ராத்திரி பதினோரு மணிக்கு மெயில் அனுப்புவதும் அப்படித்தான். ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த வேலை தொடங்குவதற்குள் பொதுவாக 11 மணி நேர ஓய்வு இருக்க வேண்டும் என்பது சட்டம். நேரம் கெட்ட நேரத்தில் மெயில் போட்டால், இவருக்கு வேலை அதிகமோ, திட்டமிடத் தெரியவில்லையோ என்றுதான் தோன்றும். எழுதி வைத்துவிட்டு காலையில் அனுப்புங்கள்.

தங்கை ஒருவர், வேலையை விட்டுப் போகச் சொல்லி சாட்டில் செய்தி வந்ததாகப் பதறிக் கேட்டிருந்தார். பதற வேண்டாம். வேலைநீக்கமோ ராஜினாமாவோ, கையெழுத்திட்ட தாளில் இருந்தால்தான் செல்லும். மெயிலோ வாட்ஸாப்போ செல்லாது. தாள் கைக்கு வந்துவிட்டால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். நீதிமன்றத்தில் எதிர்த்து வழக்குப் போட மூன்று வாரம்தான் அவகாசம். கம்பெனியில் பெட்ரீப்ஸ்ராட், அதாவது ஊழியர் குழு இருந்தால் அன்றைக்கே போய்ப் பேசுங்கள்.

தகுதிகாண் காலம், இங்கே ப்ரோபெட்ஸைட், அதிகபட்சம் ஆறு மாதம். அந்தக் காலத்தில் இரண்டு வார நோட்டீஸில் யாரும் யாரையும் விடலாம். அதனால் ஆறாம் மாதம் வரை காத்திருக்காமல் மூன்றாம் மாதமே மேனேஜரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். “எது நன்றாக இருக்கிறது, எதை நான் மாற்ற வேண்டும்?” என்று நேராகக் கேளுங்கள். பதில் நேராகவே வரும், சுருக்கென்றும் இருக்கலாம். நோட்டில் எழுதிக்கொண்டு, அன்று மாலையே அந்தக் குறிப்புகளை அவருக்கு ஒரு மெயிலாக அனுப்பிவிடுங்கள். தம்பி, உங்களுக்கு அது அடுத்த மாதம். காலண்டரில் இன்றைக்கே போட்டுவிடுங்கள்.